கொடுக்கு வளைவு

மைக் இன்னும் முன்வரிசையை விட்டு நகரவில்லை. என் பேரைக் கூப்பிட இன்னும் நேரமாகும் போலிருக்கிறது. இந்தக் கல்யாண மண்டபத்தில் நேற்று யாருக்கோ கல்யாணம் நடந்திருக்க வேண்டும், மேடையில் தெர்மகோலில் வெட்டிய பெண் பேர் மட்டும் இன்னும் தொங்குகிறது, மாப்பிள்ளை பேரை யாரோ பிய்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் பேருக்குக் கீழே நீள மேசை போட்டு, ரோட்டை அகலப்படுத்துவது பற்றி ஊரிடம் கருத்துக் கேட்க வந்த அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் பெரிய துணியில் ரோட்டுப் படம். செங்கோட்டையிலிருந்து மேற்கே மலை ஏறி கேரளாவுக்குள் போகிற எங்கள் ரோடு. இப்போது இருக்கிறது கறுப்புக் கோடு, வரப்போகிறது சிவப்புக் கோடு. சிவப்பு நேராக வருகிறது, நெடும்பாறை ஊரைத் தாண்டுகிறது, கொடுக்கு வளைவு இருக்கிற இடத்தில் வளையாமல், பாறையைக் கொஞ்சம் செதுக்கிக்கொண்டு அப்படியே போய்விடுகிறது. இத்தனை லேசா? ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தால் கொடுக்கு வளைவு இல்லாமல் போய்விடுமா? தேள் கொடுக்கு மாதிரி தூக்கி மடங்குகிறதால் அந்தப் பேர். இறங்குகிற வண்டிக்கு ஏறுகிற வண்டி தெரியாது, ஏறுகிற வண்டிக்கு எதுவுமே தெரியாது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், ஒதுங்கி நிற்க ஒரு முழம் இடம் கிடையாது. அந்தச் சிவப்பையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பார்க்கக் கூடாது. பக்கத்து நாற்காலியில் என் கொழுந்தன் கொம்பையா இருக்கிறான், வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல், நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்துக்கொண்டு. துண்டால் வாயை மறைத்துக்கொண்டு என் பக்கம் சாய்கிறான். "மைனி, ஞாபகம் இருக்குல்லா? சுருக்கமாச் சொன்னாப் போதும். என் புருசன் அங்க சாமியா நிக்காரு, கோயில அசைக்க விடமாட்டேன். அம்புட்டுதான். அழுகை வந்தா அடக்காதீங்க." அடக்காதீங்க. அந்தச் சொல் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. என் புருசன் போன அன்றைக்கு நான் தரையில் விழுந்து கதறினபோது, ஊரு பாக்குது மைனி, மெதுவா மெதுவா என்று சொன்ன வாய்தான் இது. அன்றைக்கு என் அழுகை அதிகம். இன்றைக்கு என் அழுகை வேண்டும். வளைவில் கோயில் இருந்தால் இடிக்க யோசிப்பார்கள், பெண்டாட்டியே நின்று அழுதால் இன்னும் யோசிப்பார்கள், அவ்வளவுதான் கணக்கு. ஃபேன் சுற்றுகிறது, காற்று மட்டும் கீழே வரமாட்டேன் என்கிறது, காலுக்கடியில் மிதிபட்ட பிச்சிப்பூ புளித்து நாறுகிறது.

தளவாய். மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். பின்னால் சாமி என்று சேர்க்காமல், வெறும் தளவாய். பெண்டாட்டி புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள், உயிரோடு இருந்தபோது நான் சொன்னதே இல்லை, இப்போது மலை ஏறுகிற லாரிக்காரனெல்லாம் சொல்கிறான், தளவாய் சாமி, காப்பாத்துப்பா என்று. பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற ஆள் அவர். மீன் குழம்பில் புளி ஏறிவிட்டால் கோபத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதையே மூன்று தடவை ஊற்றிச் சாப்பிடுவார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றுக் குமிழி வருகிற இடத்தைப் பார்த்ததும், 'ஆங், இங்கதான் இருக்கியா' என்று ஓட்டையோடு பேசுவார். எங்கள் பஞ்சர் கடை வளைவுக்குக் கீழே, ஏற்றம் தொடங்குகிற இடத்தில். அன்றைக்கு மத்தியானம் வைக்கோல் லாரி ஒன்று நடு வளைவில் டயர் வெடித்து நிற்கிறது என்று பைக்கில் வந்த ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். நான் இலையைப் போட்டுவிட்டேன். சாப்பிட்டுட்டுப் போங்க என்றேன். "நடு வளைவுல நிக்கான்ளா, பாவம், எவனாவது வந்து சொருகிட்டான்னா? மாட்டிக் குடுத்துட்டு வந்துருதேன்." ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ சத்தம் கேட்டு ஓடினேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன், உண்மையில் சத்தம் கேட்ட ஞாபகம் இல்லை, மலையில் எப்போதும் கத்துகிற வண்டு சட்டென்று நின்றுபோனதுதான் ஞாபகம். ஓடினேன். மேலேயிருந்து இறங்கின சிமெண்டு லாரி, ஏறுகிறவனுக்குத் தெரியாத இறங்குகிறவன், பிரேக்கை மிதித்து மிதித்து வைக்கோல் லாரியின் முகத்தில் வந்து முட்டியிருக்கிறான், ஜாக்கி சரிந்துவிட்டது, அவர் அடியில். ரோடு முழுக்க வைக்கோல். எங்கே பார்த்தாலும் மஞ்சள், கண் கூசுகிற மஞ்சள், அதற்கு நடுவில் வைக்கோல் லாரி டிரைவர், புனலூர்ப் பையன் சிபி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கரையண்டா சேச்சி, கரையண்டா" என்றான். எதையோ கரைக்க வேண்டாம் என்கிறான் என்று நினைத்தேன். அழாதே என்று சொல்கிறான் என்பது பிறகுதான் விளங்கியது. சொன்னவன்தான் அழுதுகொண்டிருந்தான். எத்தனை தடவை தலைக்குக் குளித்தாலும் அப்புறம் ரொம்ப நாளைக்கு என் முடியில் எங்கேயோ ஒரு வைக்கோல் குத்திக்கொண்டே இருந்தது.

முன்வரிசையில் யாரோ கத்துகிறார்கள். வியாபாரிகள் சங்கத்துக்காரர். "கேரளாக்காரன் சீக்கிரமா ஊர் போய்ச் சேரணுங்கதுக்கு எங்க கடைய எதுக்குய்யா இடிக்கீங்க?" கை தட்டுகிறார்கள். கொம்பையாவும் தட்டுகிறான், என் கையையும் பார்க்கிறான். என் கை மடியில் இருக்கிறது, அது பாட்டுக்கு முந்தானையின் சிவப்புக் கரையைத் தடவிக்கொண்டிருக்கிறது. சிவப்பு. காரியமெல்லாம் முடிந்த மறுநாள் என் கூறைப் புடவையை எடுத்தேன். நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பு, இனிமேல் நீ அதைக் கட்டக் கூடாது என்று எல்லாரும் கண்ணாலேயே சொல்லியாகிவிட்டது. சரி, நான் கட்டவில்லை என்று பல்லால் கடித்துக் கிழித்தேன், மூங்கில் கம்பில் கட்டிக்கொண்டுபோய் வளைவுத் திருப்பத்தில் பாறை இடுக்கில் சொருகினேன், மேலேயிருந்து வருகிறவனுக்கும் கீழேயிருந்து வருகிறவனுக்கும் தெரிகிற மாதிரி. அடுத்த லோடுக்கு வந்த சிபிதான் கம்பு ஆடாமல் கல் வைத்து இறுக்கிக் கொடுத்தான். அது வண்டிக்காரன் கண்ணுக்குக் கட்டினது. நில், மெல்லப் போ, இங்கே ஒருத்தன் செத்தான் என்று சொல்லக் கட்டினது. அது யாருக்கும் விளங்கவில்லையா, விளங்கியும் வேறே மாதிரி எடுத்துக்கொண்டார்களா தெரியாது. யாரோ ஒரு டிரைவர் அந்தக் கல் மேல் எலுமிச்சம்பழம் வைத்தான். இன்னொருத்தன் குங்குமம் பூசினான். கொம்பையா ஒரு சூலத்தை நட்டான். பிறகு பீடம், பிறகு தகரக் கூரை, பிறகு மணி. வெள்ளிக்கிழமைகளில் கொம்பையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அங்கேயே நின்று விபூதி கொடுத்தான், அண்ணன் இருந்தபோது ஒரு நாளும் கடைப் பக்கம் எட்டிப் பார்க்காதவன். நான் சும்மாதான் இருந்தேன். மனுசன் போன பிறகு அவர் பேரை யாராவது சொன்னால் சரி என்றுகூட இருந்தது. என் மகள் செண்பகாதான் முதலில் வெறுத்தாள். பரீட்சைக்கு முன்னால் கூடப் படிக்கிற பிள்ளை, உங்கப்பாகிட்ட எனக்கும் சேத்து வேண்டிக்கோ என்றாளாம். வீட்டுக்கு வந்து பையை வீசி எறிந்தாள். "எங்கப்பாகிட்ட நா எதையும் வேண்டிக்கிட்டதில்லம்மா. கேட்டா வாங்கித் தருவாரு, இல்லைன்னா இல்லைம்பாரு. இது யாரும்மா அங்க இருக்கது?" 

ஐயப்ப சீசனில் அந்த வேன் வந்தது. அதை நினைக்காமல் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிடலாம் என்றுதான் காலையில் கிளம்பினேன், முடியாது போல. கறுப்பு வேட்டிக்காரர்கள், மலையடிவாரம் வரைக்கும் துணைக்கு ஒரு அம்மா, மாலை போட்ட அவளுடைய சின்னப் பெண் பிள்ளை. என் கடையில்தான் காற்றுப் பிடித்தார்கள். அந்தப் பிள்ளை கம்ப்ரசர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்த அம்மா கேட்டாள், "மேல தளவாய் கோயில்னு இருக்காமே, கும்பிட்டுட்டுப் போனா வண்டிக்கு ஒண்ணும் ஆகாதாமே?" நான் என்ன சொன்னேன்? அங்க நிறுத்தாதீங்கம்மா, மோசமான இடம் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நிறுத்தியிருக்கிறார்கள். வேறே எங்கே நிறுத்துவார்கள், சாமி நடு வளைவில் அல்லவா இருக்கிறார், ஒதுங்க இடமில்லாத இடத்தில். கர்ப்பூரம் ஏற்றிக் கையெடுக்கிற நேரத்துக்கு மேலேயிருந்து ஒரு பஸ். அந்த அம்மா கர்ப்பூரத் தட்டோடே போய்விட்டாள். பிள்ளை பிழைத்தது. என் கடை வாசலில்தான் ஆம்புலன்ஸ் வருகிறவரைக்கும் உட்காரவைத்திருந்தோம், அது மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தது, கையை எடுக்கவே இல்லை. சாயங்காலம் கொம்பையா ஊர்க்காரர்களிடம் சொல்கிறான், என் காதில் விழுகிற மாதிரி: "சாமி பலி கேட்ருக்கு. இந்த வருசம் கோயில் கொடை விழா நடத்தலேல்லா, அதான்." கொடை. பலி.  கையில் டயரை நெம்பிக் கழற்றுகிற லிவர் இருந்தது. உள்ளங்கையில் இரும்பின் குளிர்ச்சி இப்போதும் தெரிகிறது. சாப்பாட்டை விட்டுவிட்டு, எவனாவது வந்து முட்டிவிடுவானே என்று யாரோ ஒரு டிரைவருக்காக ஓடின மனுசன், பிள்ளைக்கு முன்னால் ஒரு தாயைப் பலி கேட்டார் என்கிறான் கூடப் பிறந்தவன். அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ இறுகியது. இறுகினது இன்னும் இளகவில்லை. இளகாது.

மைக் இப்போது நடு வரிசைக்கு வந்துவிட்டது. பயமாக இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.  எதற்குப் பயம்? இந்த ஆட்களுக்கா? அதிகாரிக்கா? வீட்டுக்குத்தான். இருக்கிற வீடு மாமனார் வீடு, கொம்பையா பேரில் இருக்கிறது. காலையில் தோசையைப் பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான், "நம்ம எல்லாம் ஒரே வீட்டுல இருக்கணும்லா மைனி." அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் பெண்டாட்டிக்கும் தெரியும், தோசைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே திரும்பாமல் நின்றாள். கடையும் போகும். ரோடு நேராகப் போனால் கடை இருக்கிற இடத்தின் மேலேயே ரோடு வரும், வராவிட்டாலும் யார் நிறுத்துவார்கள்? எல்லாரும் விர்ரென்று போய்விடுவார்கள். என் சோற்றில் நானே மண் அள்ளிப் போடப் போகிறேனா? எனக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற சபூராவுக்கும் அதே கதிதான். வளைவுக்குக் கீழே பலாச்சுளையும் மங்குஸ்தானும் விற்கிறாள், லாரி திணறி மெதுவாக ஏறுவதால்தான் அவளுக்கு வியாபாரம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் முழங்கையை இடித்து, "என்ன சொல்லப் போற?" என்றாள். நான் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். "முப்புடாதி, ஒம் மூஞ்சியே சரியில்ல. எனக்கு அந்தக் கடைய விட்டா வேற போக்கில்லட்டி. பாத்துப் பேசு." அவள் சொல்வதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை.  ஆனால் சாயங்காலம் கல்லூரி பஸ் வருகிற நேரம் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். தென்காசியில் படித்துவிட்டு வருகிற செண்பகா, பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில் கொல்லம் போகிற வண்டியில் ஏறி, தூங்கிப் போய், வளைவைத் தாண்டிப் போய் இறங்கித் திரும்பி நடந்து வருவாள். அந்த நேரமெல்லாம் நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தபடி மேலே காதை வைத்துக்கொண்டிருப்பேன். ஆரன் சத்தம் கேட்டால் சரி. ஆரன் நீளமாகக் கேட்டால் கை நின்றுவிடும். வண்டுச் சத்தம் நிற்கிறதா, நிற்கவில்லையா. நிற்கவில்லை. நிற்கவில்லை. ஓர் அம்மா எத்தனை காலத்துக்கு வண்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்? கடை போனால் வேறே கடை. டயர் எல்லா ஊரிலும்தான் பஞ்சராகிறது. வீடு போனால்? வீடு போனால் வீடு போகட்டும். இந்த வாக்கியத்தை மனசுக்குள் முடிக்கவிடாமல் எத்தனை நாளாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். முடித்துவிட்டேன். முடித்தால் ஒன்றும் ஆகவில்லை, ஃபேன் அப்படியேதான் சுற்றுகிறது.

"முப்புடாதி, கணவர் பெயர் தளவாய்." என்னைத்தான். எழுந்திருக்கிறேன்.  கொம்பையா கனிவாகத் தலையசைக்கிறான், எல்லாரும் பார்க்கிறார்கள், முன்வரிசையில் ஒருத்தர் கையெடுத்துக் கும்பிடவே செய்கிறார், சாமியின் பெண்டாட்டி அல்லவா. மைக் சூடாக இருக்கிறது, பேசினவர்கள் எச்சில் எல்லாம் அதில்தான். வாயைத் திறக்கிறேன், முதலில் காற்றுதான் வருகிறது, அது மண்டபம் முழுக்க இரைகிறது. பிறகு என் குரல், எனக்கே யாரோ மாதிரி. "எம் புருசன் சாமி இல்ல." எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. "அவரு பஞ்சர் ஒட்டுறவரு. பல்லியக் கண்டா பயப்படுவாரு. ஒதுங்க எடம் இல்லாத ரோட்டுல வேல பாத்தாரு, செத்தாரு. அங்க கோயில் இருக்கதால ஒரு பொம்பள செத்தா. எம் புருசன் யாரையும் பலி கேக்க மாட்டாரு, பச்சத் தண்ணி கேக்கவே கூச்சப்படுவாரு. கோயில எடுங்க. பாறைய வெட்டுங்க. அந்த வளைவு எனக்கு இனிமே இருக்கக் கூடாது." சத்தம் கிளம்புகிறது. "ஏய், என்ன பேசுதா இவ!" "சாமிய இல்லைங்கா பாரு!" மைக்கைப் பிடுங்க ஒரு கை நீள்கிறது, நான் விடவில்லை, லிவர் பிடித்த கை இது. "இன்னும் முடியல. ரோடு போட்டுட்டு ஒதுங்க எடம் விடலைன்னா மறுபடியும் இதேதான். டயர் வெடிச்சவன் நிக்க எடம் வேணும். இந்தப் பழம் விக்கிறவங்களுக்குக் கடை போட ஒரு பக்கமா எடம் வேணும். அதுவும் இல்லாம நேரா இழுத்துட்டுப் போனீங்கன்னா, வண்டிய மறிச்சு நடு ரோட்டுல உக்காருறது நானாத்தான் இருப்பேன்." கொம்பையா பக்கத்தில் வந்துவிட்டான். முகம் வெளுத்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொல்கிறான், மைக் அதையும் எடுத்துவிடுகிறது, மண்டபம் முழுக்கக் கேட்கிறது. "வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் பேசுங்க மைனி." இவ்வளவுதானா? இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுக்கிறேன். அவன் கையில் வைக்கிறேன். எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். பின்னாலிருந்து சபூரா கத்துகிறாள், கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாத குரலில், "எங் கடையில மண்ணப் போட்டுட்டியேட்டி பாவி! சாயங்காலம் புள்ளைய நேரா எங்க வீட்டுக்கு வரச் சொல்லு, கேட்டியா!" கேட்டேன். திரும்பிப் பார்த்தால் உடைந்துவிடுவேன் என்று பார்க்கவில்லை. மைக்கை விடாமல் மேசைக்கு நேரே போகிறேன். சின்ன வயசு அதிகாரி, குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார், சட்டையில் மை. "எழுதிட்டீங்களா?" "எழுதிட்டேம்மா. நீங்க உக்காருங்க." "வாசிங்க." அவர் நிமிர்ந்து பார்க்கிறார், பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்கிறார், பிறகு வாசிக்கிறார். "மேற்படி சாலை விரிவாக்கத்திற்குத் தமக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை எனத் தெரிவித்தார்." ஆட்சேபணை இல்லை. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவதற்கு ஆட்சேபணை இல்லை. பஸ்ஸில் நகர்ந்து உட்கார ஆட்சேபணை இல்லை. கிழித்த புடவைக்கு, அந்த இலைச் சோற்றுக்கு, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைக்கு, இப்போது கொடுத்த சாவிக்கு, ஆட்சேபணை இல்லையா? "நான் அப்படிச் சொல்லல சார்." "அதுதாம்மா இதுக்கு அர்த்தம்." "இல்ல. ஆட்சேபணை இல்லைன்னு நான் சொல்லல. வேணும்னு சொன்னேன். ஒதுங்க எடத்தோட வேணும்னு சொன்னேன். அத எழுதுங்க." பின்னால் ஊர் கத்திக்கொண்டிருக்கிறது, யாரோ நாற்காலியை உதைக்கிறார்கள், வெளியே கொம்பையாவின் பைக் உறுமிக்கொண்டு கிளம்புகிறது. நான் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவர் எழுதினதை ஒரு கோடு போட்டு அடிக்கிறார். மேலே சின்னதாக எழுதுகிறார். நான் மைக்கை அவர் வாயருகே பிடிக்கிறேன். "இப்ப வாசிங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்."